அரசாங்க லொறியும் ஓரா முள்ளும்

அரசாங்கக் காசு காசாக வருவதில்லை. லொறியில் ஏறி, தார்ப்பாயால் மூடிக்கொண்டு, கையில் ஒரு திகதியோடு வரும். அந்தத் திகதிக்குச் சொன்ன ஆட்கள் எல்லாரும் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் கரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பது செத்த வீட்டில் மட்டும்தான். (செத்த ஆளும் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்.)

இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. அப்போது எனக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும்தான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், கம்பஸ் வழியாக வெளியே வந்த முதல் ஆள் நான். ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கைச் சனம் கரண்ட் பில் முதல் மருந்துப் போத்தல் வரை என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவரும். அதனால் எனக்குக் கொஞ்சம் தடிப்பு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

எனக்கு ஒரு பாட்டுக் குழு வேண்டும் என்று ஆசை. குழுவுக்கு ஆள் சேர்ப்பது கலியாணம் பேசுவதைவிடக் கஷ்டம். முதல் கிற்றார்காரனுக்குப் பிரான்ஸ் விசா வந்தது. இரண்டாவது கிற்றார்காரனுக்கு விசா வரவில்லை, ஆனால் எந்த நேரமும் வரலாம் என்று சொல்லி ஒத்திகைக்கு வராமல் இருந்தான். கீபோர்ட் வாசித்தவர் பட்டணத்துக் கலியாண மண்டபக் குழு ஒன்றோடு போய்விட்டார். அங்கே புரியாணி கொடுப்பார்களாம்.

கடைசியில்தான் அன்ரன் அண்ணையின் போட் என் கண்ணில் பட்டது. அதில் மூன்று பேர். அன்ரன் அண்ணை மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினால் கடற்கரை நாய்கூடத் தாளத்துக்கு நடக்கும். அவருடைய தம்பி யூட் கிற்றார். மச்சான் ரெஜி கோயில் கீபோர்ட். பாட்டு நான். சேர்ந்து வலை இழுக்கிறவர்கள் என்பதால் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குத் தெரியும். ஒத்திகைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. இவ்வளவு நம்பகமான ஆட்களைக் கண்டுபிடித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று பேரும் ஒரே போட்டில் போகிறவர்கள், போட் போனால் குழுவும் போய்விடும் என்பது என் பட்டப்படிப்புக்குள் வரவில்லை.

இளைஞர் குழுக்களுக்கு அரசாங்கம் டிரம்ஸ், கிற்றார் என்று வாத்தியம் தருகிறது என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். அரசாங்கக் கந்தோரிலிருந்து அதற்குப் பொறுப்பான அதிகாரி, சேர், போனில் கதைத்தார். நல்ல மனுசன்.

“தங்கச்சி, சாமான் லொறியில வரும். நாலு பேரும் எனக்கு முன்னால ஒரு பாட்டு வாசிச்சுக் காட்ட வேணும். ஒராள் குறைஞ்சாலும் லொறி அடுத்த குழுவிட்டப் போயிடும். எல்லாரும் நிக்கிற நாளாப் பார்த்துச் சொல்லும்.”

எல்லாரும் நிற்கிற நாளா? நான் மளமளவென்று ஒத்திகை நடந்த நாட்களை நினைத்துப் பார்த்து, அதே கணக்கில் அடுத்த திகதியைச் சொன்னேன். சேர் கலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அண்டைக்குப் போயா லீவு, தங்கச்சி. கந்தோர் பூட்டு.”

அப்போதுதான் விளங்கியது. நிலவு எறித்தால் மீன் வலையைக் கண்டுவிடும், இவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள், ஒத்திகைக்கு வருவார்கள். முழு நிலவு என்றால் அரசாங்கத்துக்கும் லீவு. அரசாங்கம் வேலை செய்யும் நாட்களில் என் குழு கடலில் நிற்கும். கடற்தொழிலாளியின் மகளான நான் இதைக் கந்தோர்க்காரர் சொல்லி அறிந்தேன்.

சேர் இருட்டுக் காலத்தில் ஒரு காலையைக் குறித்தார். அன்ரன் அண்ணையிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன்.

“ஏன் பிள்ளை முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்? விடியத் திரும்பிடுவம். உன்ர சேர் வரேக்க கரையில நிப்பம்.”

சேர் வந்தார். லொறி வந்தது. நான் கம்பஸ் பட்டமளிப்புக்குக் கட்டிய சேலையில் நின்றேன். கரையில் போட் இல்லை. போனுக்கும் கவரேஜ் இல்லை.

“குழு எங்க தங்கச்சி?”

“வந்துகொண்டிருக்கினம், சேர்.”

“எங்கால?”

கடலைக் காட்டினேன். லொறி ட்ரைவர் என்ஜினை நிற்பாட்டாமலே இருந்தார். அம்மா சேருக்கும் ட்ரைவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அது முடிந்து மறுபடி ஊற்றினார். நான் தீவகத்தின் இசை மரபு பற்றி ஒரு விரிவுரை ஆற்றினேன். சேர் கொட்டாவியைக் கைலேஞ்சிக்குள் மறைத்தார்.

ஒருவழியாகப் போட் வந்தது. விளிம்பு தண்ணியைத் தொட, தாழ்ந்து வந்தது. அந்தப் பருவத்திலேயே பெரிய மீன்பாடு. வலை முழுக்க மீன், ஒன்றும் கழற்றவில்லை. கரையில் மீன் ஏற்றும் கூலர் வாகனமும் உறுமிக்கொண்டு நின்றது. கழற்றாவிட்டால் கூலர் போய்விடும், கழற்றினால் லொறி போய்விடும். ஒரு பக்கம் மூன்று குடும்பத்தின் உழைப்பு, மறுபக்கம் என் டிரம்ஸ். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் என்னை மெச்சலாம்.

அன்ரன் அண்ணை இரண்டு வாகனத்தையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாசிக்கிறதுக்குக் கை வேணும். பாடுறதுக்கு என்ன வேணும்?”

“வாய்.”

“அப்ப உன்ர கை சும்மாதானே? வலைக்க இறங்கு.”

யூட் சிரித்தான். “சீலை வடிவா இருக்கு அக்கா. மீனுக்கும் பிடிக்கும்.”

லொறியிலிருந்து சாமான்களை இறக்கினார்கள். மூன்று பேரும் இடுப்பில் ஈரச் சாரத்தோடு, இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்ணோடு, பிரிக்காத உறைகளைப் பிரித்தார்கள். முகம்கூடக் கழுவவில்லை. பிடித்த மீன் நாறிப்போகலாம் என்று தெரிந்தும், எனக்குக் கொடுத்த ஒரு வாக்குக்காக உட்கார்ந்தார்கள். அன்ரன் அண்ணை அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவை உண்மையான டிரம்ஸைத் தொட்டார். முதல் அடியில் அவருடைய கையிலிருந்த செதில்கள் வெள்ளியாகத் தெறித்தன. அப்படி ஒரு வாசிப்பை அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை. குழு என்றால் என்ன என்று எனக்கு விளங்கிய இடம் அது.

நான் சேலையை இடுப்பில் செருகி, அம்மாவோடு வலைக்குள் குந்தியிருந்து மீன் கழற்றிக் கழற்றிப் பாடினேன். சொல்லக் கூடாது, நன்றாகவே பாடினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. பிறகு மேல் சுருதிக்கு ஏறும் இடம் வந்தது. அதில் சேரைப் பார்த்து, மேடைப் பாடகி மாதிரி, கையை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினேன். வந்த கை நேரே ஓரா மீனின் முதுகில் விழுந்தது.

ஓரா முள் குத்தியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குத்தாதவர்களுக்கு விளக்க ஏலாது. என் தொண்டையிலிருந்து கிளம்பியது எந்த இராகத்திலும் இல்லாத ஒரு சுரம். சேர் “ஆகா!” என்று கை தட்டினார். மூன்று பேரும் நான் புதிதாக ஏதோ முயற்சிக்கிறேன் என்று நினைத்து, என் பின்னாலேயே மேலே ஏறினார்கள்.

அம்மா ஒருவர்தான் உண்மையை அறிந்தவர். ஓரா விசத்துக்குச் சூடுதான் மருந்து. எட்டிய தூரத்தில் இருந்த ஒரே சூடு, அம்மா வலைக்குள் இறங்க முன்னர் சேருக்கு ஊற்றிப் பக்கத்து மர வாங்கில் வைத்த, இன்னும் ஆவி பறந்த தேத்தண்ணி. சேர் டிரம்ஸ் பக்கம் திரும்பிய நேரம், என் விரலைப் பிடித்து அதற்குள் முக்கிவிட்டார். அதைக் கண்டுதான் மற்ற மூன்று பேருக்கும் விசயம் விளங்கியது.

“பாட்டை விட்டிடாத. பாடு,” என்று காதுக்குள் சொன்னார்.

பாடினேன். கண்ணீர் ஓடியது. சேருக்கும் கண் கலங்கியது. பாட்டு முடிந்ததும் லொறி ட்ரைவர் தானாகவே என்ஜினை நிற்பாட்டினார். பிறகு அவரும் வந்து மீன் கழற்றினார். கூலர் நிறைந்து போனது. வாத்தியங்கள் கரையில் நின்றன.

“உணர்ச்சியோட பாடுறீர் தங்கச்சி,” என்று சொல்லிக்கொண்டு சேர் வாங்கில் இருந்த கோப்பையை எடுத்தார். நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம். அவர் ஒரே இழுவையில் குடித்து முடித்தார்.

அன்றிலிருந்து எந்தக் கச்சேரி வீட்டில் தேத்தண்ணி வந்தாலும் மூன்று பேரும் கோப்பையைத் தொட முன்னர் என்னைக் கேட்பார்கள்: “விரல் போட்டதோ, போடாததோ?” எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கின்றன.

போன திருநாளுக்குச் சேரை விருந்தாளியாக அழைத்திருந்தோம். கச்சேரி முடிய அம்மா அவரிடம் போய், “தேத்தண்ணி எப்பிடிப் போட, சேர்?” என்று கேட்டார்.

“அண்டைக்குக் கடற்கரையில போட்ட மாதிரிப் போடுங்கோ அம்மா. அந்த ருசி பிறகு எங்கயும் கிடைக்கேல்லை.”

அம்மா திரும்பி என் கையைப் பார்த்தார்.