கைதூக்கிவிடும் பேராசிரியர்

வாசகரே, பல்கலைக்கழகங்களில் 'கைதூக்கிவிடும் பேராசிரியர்' என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோவில், எங்கள் வரலாற்றுத் துறையில் உலவும் டாக்டர் விட்டேக்கர் அதில் முதல் தரம். கருப்பின மாணவர்களைப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்த்திப் பார்க்காமல் ஓயமாட்டேன் என்று மேடைக்கு மேடை முழங்குவார், வழியில் அகப்படும் கருப்பு முகத்தையெல்லாம் நிறுத்தித் தோளில் தட்டுவார், "என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்பார். கதவு திறந்துதான் இருக்கும். ஆள்தான் இருக்க மாட்டார்.

இவரிடம் வந்து மாட்டிய கருப்பின ஆராய்ச்சி மாணவி லோரெட்டா பிராக்ஸ்டன். முந்நூறு ஆண்டுக்கு முன் டச்சுக்காரர்கள் அணை கட்டிக் கடலைத் தடுத்த கதையை ஆராய்ந்தாள். அதற்காக டச்சு மொழியையே கற்றுக்கொண்டாள். அவள் எழுதிக் கொடுத்த அத்தியாயங்கள் அவர் மேசையில் காபிக் கோப்பையைத் தாங்கிக்கொண்டிருந்தன. படிக்க நேரம் ஏது? துறையின் விளம்பரப் படத்துக்கு அவள் சிரிக்க வேண்டும், எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள் என்று காட்டும் குழுக்களில் உட்கார வேண்டும், புதியவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான், லோரெட்டா!"

ஜார்ஜியாவில் ஒரு கல்லூரி ஐரோப்பிய வரலாறு கற்பிக்க ஆள் தேடியது. கடைசியில் மிஞ்சிய இருவரில் லோரெட்டா ஒருத்தி. அவளைப் பற்றி விசாரிக்கத் தேர்வுக் குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். விட்டேக்கரின் பெருந்தன்மையைக் கேளுங்கள்: புகழுரை அவள் காதிலும் விழட்டுமென்று எதிரே உட்காரவைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"தங்கமான பொண்ணுங்க. எப்பவும் சிரிச்ச முகம்."

"சரிங்க, ஆராய்ச்சி எப்படி?"

"படிச்சா கண் கலங்கிடும்! அவங்க ஜனங்க அடிமைகளா பருத்திக் காட்டுல பட்ட பாடு... ரத்தத்துல ஊறின விஷயமாச்சே!"

இத்தனை வருட உழைப்பையும் இந்த மனிதர் ஒரே மூச்சில் பருத்திக் காட்டில் புதைத்துவிட்டாரே! லோரெட்டா வாயைத் திறந்தாள். அவர் கையமர்த்தி, "நான் பாத்துக்கறேன்" என்று கண் சிமிட்டினார்.

"நீங்க பாத்த வரைக்கும் போதும், புரொபசர்" என்றவள் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். "மேடம், நான் லோரெட்டா. என் அத்தியாயங்களைப் படிச்சீங்களா?"

"படிச்சேம்மா. அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

"அப்ப அதுல என்ன இருக்குன்னு இவருக்குக் கொஞ்சம் சொல்லிடுங்க."

வேலை அவளுக்கே கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் என்று துறை விட்டேக்கருக்கு விழா எடுத்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. என்னால்தான் முன்னுக்கு வந்தது என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறீர்களே ஒரு பிள்ளை, அது என்ன படித்தது? யாரையும் கேட்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.