ஐந்தாம் பாகத்தை ஒளித்து வைத்தேன்

அன்று காலை பல் துலக்கும்போது ஒரு சபதம் எடுத்தேன். என் மகளை மறுபடியும் என் பக்கத்தில் உட்கார வைத்தே தீருவது. வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவி காதில் விழவில்லை. எங்கள் வீட்டில் என் சபதங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

மகளுக்குப் பதினோரு வயது. போன வருஷம் வரை தினமும் சாயங்காலம் நான்தான் அவளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். ராட்சசனுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல். என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்பாள். கை மரத்துப்போகும். அசைக்க மாட்டேன்.

ஒருநாள், "அப்பா, நீங்க ரொம்ப மெதுவா படிக்கிறீங்க. குடுங்க, நானே படிச்சுக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு என் குதிரைக்கு வேலை போயிற்று. அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு சோபாவில் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கொடுமை இல்லை.

எனக்கு நூலகத்தில் வேலை. புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்தி, எண் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போடுவேன். பறக்கும் கப்பலும் பேசும் ஆமையும் வரும் ஒரு தொடர் என்றால் மகளுக்கு உயிர். அதன் ஐந்தாம் பாகம் அன்று என் மேஜைக்கு வந்தது. என் பெயரில் எழுதிக்கொண்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

திட்டம் இதுதான். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், அதுவும் என் வாயால் மட்டும். மற்ற நேரம் புத்தகம் ஸ்பானரோடும் ஸ்க்ரூ டிரைவரோடும் டூல்ஸ் பெட்டியில் கிடக்கும். இரண்டு வருஷமாக அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. முக்கியமாக நான்.

"சமையலறைக் குழாய் சொட்டுது. எப்பங்க பார்ப்பீங்க?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

பெரிய காரியத்தில் இருப்பவன் குழாய்க்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

மகள் முதல் நாள் குதித்தாள். "அப்பா, இது அநியாயம்! புத்தகத்தைக் குடுங்க!"

"வேணும்னா உக்காந்து கேளு."

சோபாவின் அந்தக் கோடியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் முறைப்புத்தான். மூன்றாம் நாள் கூப்பிடாமலே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் தோளில் தலை சாய்ந்தது! பாதி வரியில் வாசிப்பு நின்றுபோயிற்று. ஆமை இருமுவதாகச் சொல்லிச் சமாளித்தேன். அந்த வாரம் குழாய் சொட்டுவதும் நின்றுவிட்டது. நல்ல நேரம் வந்தால் குழாய்கூடத் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள். கப்பல் புயலில் சிக்கியிருந்தது. நான் கையை ஆட்டி, குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, நடுவுல ரெண்டு பக்கம் விட்டுட்டீங்க. ஆமை மன்னிப்பு கேக்கற இடம்."

பார்த்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உனக்கு எப்படித் தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மா குழாய் ரிப்பேர் பண்ணப் பெட்டியைத் தொறந்தாங்க. ரெண்டாம் நாளே. நீங்க ஆபீஸ் போனப்புறம் நான் முழுசாப் படிச்சு முடிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் தினமும் வந்து உக்காந்தே?"

"அம்மாதான் உக்காரச் சொன்னாங்க. முதல்ல போரடிச்சுது. இப்ப பரவாயில்ல. குதிரைக் குரல் நல்லா இருக்கு."

அது ஆமை. இருந்தாலும் நான் திருத்தவில்லை. ஒரு வருஷமாக நான் ஏங்கியதை ஒருத்தி வாயைத் திறக்காமல் கவனித்திருக்கிறாள்! இவளைப் போய் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்! கண் கலங்க எழுந்தேன்.

"அப்பா, பாதியில எங்க போறீங்க? மீதியப் படிங்க!" என்று மகள் கத்தினாள். அந்தச் சத்தம் காதில் தேனாக விழ, சமையலறைக்குப் போனேன்.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மனசு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன், குரல் தழுதழுக்க.

"தெரியாம என்ன? அவ உக்காரலேன்னா அடுத்து என்னைத்தானே பிடிச்சு உக்கார வைப்பீங்க!"