சம்பந்தி வீட்டு மரத்தரை

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. மகன் வீட்டில் நாங்கள் எல்லோரும் நலம். என் இடது குதிகால் மட்டும் நலமில்லை. நீயும் வீட்டாரும் குதிகால் உட்பட நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. இந்த வார்த்தையை எழுதவே பயமாக இருக்கிறது, நிற்க முடிந்தால்தானே? மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு நேற்று முதன்முதலாகப் போனோம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது உனக்குத் தெரியும். அதனால் தெருவையே பார்க்காத புது எம்.சி.ஆர். மெத்து ரப்பர் செருப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன். இந்தக் குளிர்நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கழற்ற வேண்டுமாம். நம் வழக்கமும் அதுதானே என்று ஷூவைக் கழற்றிவிட்டுப் பையைத் திறந்தேன். சம்பந்தி அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "வீட்டுக்குள்ள போடறதுக்குன்னே வாங்கினதும்மா, டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். "புதுசோ பழசோ, செருப்பு செருப்புதானே சம்பந்தி? போன மாசம்தான் மரத்தரை போட்டோம்" என்றார். மிச்ச மரத்தில்தான் அந்த அம்மாளின் மனசைச் செய்திருக்க வேண்டும்.

விருந்தாளிக்கென்று ஒரு பஞ்சுச் செருப்பு கொடுத்தார்கள், முயல் காது வைத்தது. பள்ளிக்கூடம் முழுக்க டிரில் வாங்கின பி.டி. வாத்தியார் நான், முயல் காதோடு போய் சோபாவில் உட்கார்ந்தேன். குதிகால் பாதி வெளிய தொங்குது. உள்ளேருந்து வந்த சம்பந்திக்கு வணக்கம் சொல்லலாம்னு எழுந்து ஒரு அடி வச்சேன், பாலிஷ் போட்ட தரை சும்மா விடுமா, சர்ருனு போய் ஜன்னல் திரையைப் பிடிச்சேன், திரை கம்பியோட மேசையில வச்சிருந்த காபி மேல விழுந்து, காபி தரையெல்லாம் ஓட, அந்தம்மா "ஐயோ, என் தரை!"ன்னு கத்தறாங்க. கீழ கிடக்கற மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. உன் அக்கா வேற வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. மானம் கப்பலேறிப்போச்சு. அந்த நேரம் பார்த்து அவங்க வீட்டு நாய் தோட்டத்துலேருந்து சேத்துக்காலோட ஓடிவந்து, காபியை நக்கிட்டு, சோபால ஏறிப் படுத்துக்குச்சு. "குளிருதா செல்லம்?"னு அதுக்குப் போர்வை போத்தறாங்க! நாலு கால் போகலாம், என் ரெண்டு கால் போகக் கூடாதாம். என்ன நியாயம், நீயே சொல்லு. ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

பையன் நேத்திலேருந்து சரியாச் சாப்பிடலை. "ஒரு தரைக்காக என் கல்யாணத்தை நிறுத்தாதீங்கப்பா"ங்கறான். ஆனா நாளைக்குப் பேரன் பிறந்தா, நான் வாசல்லயே நின்னு கையாட்டிட்டு வரணுமா? ஆகவே, நிச்சயத்துக்குப் பார்த்த மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவும்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் அக்கா சிரித்து முடித்ததும் தனியாக எழுதுவாள்.

இப்படிக்கு,
உட்கார்ந்தபடியே
உன் அத்தான்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதறேன். இப்பதான் அந்தப் பொண்ணு தனியா வந்தா. "மாமா, நீங்களும் நானும் இருக்கற வீட்டுல இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. பாருங்க, நானே போட்டுக்கிட்டு வரேன்"னு, மழைச் சேறு ஒட்டின பூட்ஸோட ஹாலுக்குள்ள கால் வச்சா. என்னைச் சமாதானப்படுத்தத்தான், புரியுது. ஆனா என் வாய் இருக்கே, "ஏம்மா, வாசல்ல கழட்டு!"ன்னு கத்திடுச்சு. அவ அங்கேயே உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. "எங்கம்மாவும் நீங்களும் நல்லா ஒத்துப்போவீங்க மாமா"ங்கறா.

மண்டபத்தை விட்டுடாதே.