ஒற்றைத் தலைவலியும் ரெண்டு கிலோ பூண்டும்

பொத்.

கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, பூண்டுப் பை. ஃபிசா குடும்பத்தோடு வருகிறாள். என் கொழுந்தியாள். மதியம் பதினெட்டு பேருக்குப் பிரியாணி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பூண்டு உரிப்பவன் ஹாஜா மொய்தீனாகிய நான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவுக் காவல். வாரத்தில் ஒரே நாள் லீவு. அதுவும் பூண்டோடு போவதா? முடியாது! ஆயுதம் தயாராக இருந்தது. பூந்தமல்லி பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'தலைவலி வகைகள்'. நேற்றே ஒற்றைத் தலைவலியை வரிவரியாகச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். அடுத்த வகையின் முதல் வரியில் தூங்கிப்போனேன்.

"வஹீதா... தலை வலிக்குது."

"எந்தப் பக்கம்ங்க?"

"இடது பக்கம் மட்டும். விண்ணு விண்ணுனு."

"வெளிச்சம்?"

"ஆவாது!"

"சத்தம்?"

"உயிர் போவுது!"

"வாசனை?"

"குமட்டுது!"

என் மனைவி வஹீதுன்னிசா உச்சுக் கொட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். வெளிச்சமாம், செல்லை எடுத்துக்கொண்டாள். சத்தமாம், ரிமோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"பிரியாணி வாசனை உங்களுக்கு ஆவாது. நொய்க்கஞ்சி வெச்சுடறேன்."

கதவு மூடியது. இருட்டில் கிடந்தேன். கதவிடுக்கு வழியாக நெய்யும் பட்டையும் கிராம்பும் வந்தன. பதினைந்து நிமிடம் தாங்கினேன். நானும் மனுஷன்தானே?

"வஹீதா! இது ஒற்றைத் தலைவலி இல்லியாம். டென்ஷன் தலைவலி. துண்டால இறுக்கிக் கட்டின மாதிரி, ரெண்டு பக்கமும்!"

"அப்ப வாசனை?"

"ஒண்ணும் பண்ணாது!"

"பிரியாணி?"

"தாராளமா!"

"நல்லதாப் போச்சு." மடியில் தாம்பாளம் இறங்கியது. ரெண்டு கிலோவும் அப்படியே இருந்தது. கூடவே என் புத்தகம்.

"நீங்க தூங்கிட்ட பக்கத்துல ரெண்டாவது வரி. நான்தான் கோடு போட்டேன். படிங்க."

படித்தேன். 'வழக்கமான வீட்டு வேலைகளால் இவ்வலி அதிகரிக்காது.'

"எனக்கும் இந்த வலிதாங்க, வருஷக்கணக்கா. பேருதான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

பரிதாபமாக இருந்தது. "காரணம் இன்னான்னு போட்டுக்கீது?"

"புக்குல சரியாப் போடல." என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "எனக்குத் தெரியும்."

நகத்தால் முதல் பூண்டுப் பல்லைக் கிள்ளினேன்.