பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் நடுவே எங்கள் போதகர்

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. இங்கே என் மனைவி நலம். நானும் நலம்தான், இரத்த அழுத்தம் மட்டும் சபைக் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறி இறங்குகிறது. அங்கே அக்காவும் நீங்களும் சுகமாக இருக்கவும், உங்கள் பிரசங்கம் முடியும்வரை உங்கள் சபையார் விழித்திருக்கவும் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு நீங்கள் இங்கே வந்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். எங்கள் போதகருக்குக் குரல் இல்லை. குரல் இல்லாமல் அவர் எப்படிச் சபையை நடத்தினார் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான், எந்த வண்டி எப்போது வரும் என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன். இப்படி ஒன்று வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் பிரமித்துப் போயிருக்கிறேன் அத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆலயத்தில் இருந்த நீளப் பெஞ்சுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதால், வலப்பக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம். வாங்கியது நான்தான், செயலர் என்ற முறையில். அன்றோடு போயிற்று சபையின் நிம்மதி. பெஞ்சுக் கட்சிக்குத் தலைவர் தச்சர், ஏனென்றால் அந்தப் பெஞ்சுகளை இழைத்தது அவருடைய அப்பா. நாற்காலிக் கட்சிக்குத் தலைவர் பல் மருத்துவர், நாள் முழுக்க மனிதர்களை நாற்காலியில் சாய்த்து வைத்து, குனிந்து குனிந்தே முதுகு வலி வாங்கிக்கொண்டவர், அவர் சொன்னால்தான் நாம் வாயைத் திறக்கவே முடியும். இதில் வேடிக்கை, இருவரும் சம்பந்திகள். தச்சரின் மகளைத்தான் மருத்துவரின் மகன் கட்டியிருக்கிறான். பேரப்பிள்ளை பிறந்து, தலை நின்று, உட்காரவும் கற்றுக்கொண்டாகிவிட்டது. ஞானஸ்நானம் மட்டும் ஆகவில்லை, அன்று குடும்பம் எந்தப் பக்கம் உட்காருவது என்று முடிவாகவில்லை. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தால் மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா ஊமையாகிவிடுகிறார், பாவம், அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றே ஆராதித்துவிட்டுப் போவாள். கடைசியில் இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பெஞ்சுக்காரர்களுக்குத் தனி ஆராதனை, நாற்காலிக்காரர்களுக்குத் தனி ஆராதனை, ஒரு ஞாயிறன்று கை உயர்த்தி ஓட்டெடுப்பு. இரண்டு ஆராதனை என்றால் இரண்டு பாடகர் குழு, இரண்டு கமிட்டி, வருஷம் திரும்புவதற்குள் இரண்டு சபை. எனக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நேரம் பார்த்துப் போதகர் ஐயாவுக்குத் தொண்டையில் ஏதோ முளைத்து, அதை எடுத்து, வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். அவர் எழுதினால் மறுநாள் அவருக்கே புரியாது. ஆகவே சபையைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, நானும் நீங்கள் அனுப்பிய தலைமைப் பயிற்சி ஒலிப்பதிவை முழுவதும் கேட்டுவிட்டுக் களத்தில் இறங்கினேன். எதிரும் புதிருமாக இருப்பவர்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். மேசையைப் போட்டேன். அதைச் சுற்றி எதைப் போடுவது என்று சண்டை வந்து, கூட்டம் முழுவதும் எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள், நானும் கால் கடுக்க நின்றேன். பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள், மனம் இணையும் என்றீர்கள். ஆலயத்தைப் பெருக்கும் வேலையை இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொடுத்தேன். தச்சர் இடப்பக்கத்தைப் பெருக்கிக் குப்பையை நடுவழியில் தள்ளினார், மருத்துவர் வலப்பக்கத்தைப் பெருக்கிக் குப்பையை நடுவழியில் தள்ளினார், ஞாயிறன்று பாடகர் குழு அந்தக் குப்பையின் மேல்தான் பவனி வந்தது. உங்கள் ஒலிப்பதிவில் குறை ஒன்றும் இல்லை அத்தான், எங்கள் ஆட்கள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஐயாவின் சைகையையாவது நான் மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். வாக்குவாதம் முற்றிய நேரத்தில் அவர் ஒரு விரலை மேலே காட்டினார். எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"ஒரே ஆராதனைன்னு சொல்றார்" என்றார் தச்சர்.

"இல்ல, முதல் ஆராதனை எங்களுக்குன்னு சொல்றார்" என்றார் மருத்துவர்.

"ரெண்டு பேரும் தப்பு. மேல ஒருத்தர் பார்த்துக்கிட்டிருக்கார்னு சொல்றார்" என்றேன் நான், எனக்கே புல்லரித்தது. பிறகு ஐயாவே எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தை ஒன்றில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் நான் வாயடைத்துப் போன விஷயம் நடந்தது. ஐயா வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். பேச முடியாத மனிதர் போய் என்ன செய்வார் என்று நானும் கூடவே போனேன். ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்தார், பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தச்சரின் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்தார், தச்சர் நாற்காலியைத் திட்டினார், பெஞ்சைப் புகழ்ந்தார், பதில் வராததால் மேலும் பேசினார், பேசிப் பேசிக் கடைசியில் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருத்துவர் வீட்டிலும் அப்படியே போய் உட்கார்ந்தார். மறுநாள் மருத்துவர் என்னிடம் வந்தார். "அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நானும் பேசிக்கிட்டே இருந்தேன். பாதியில நான் பேசுறது எனக்கே நல்லா இல்லாம போச்சு" என்றார். அத்தான், எத்தனையோ டிரைவர்களை நான் அதட்டி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன், ஒருவரையும் அவர் பேச்சை அவரையே கேட்க வைத்ததில்லை. என்ன மனிதர் இவர் என்று எனக்குப் பயம் கலந்த ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை, வெளியே சொல்லிவிட்டோமே என்ற கௌரவம்.

ஓட்டெடுப்பு ஞாயிறு வந்தது. தச்சர் இடப்பக்கம் நடுவழியை ஒட்டிய பெஞ்சில், மருத்துவர் வலப்பக்கம் நடுவழியை ஒட்டிய நாற்காலியில், இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தப் பெண் வழக்கம்போல் வாசலில் குழந்தையோடு நின்றாள். "தனித்தனி ஆராதனை வேண்டும் என்கிறவர்கள்" என்று நான் ஆரம்பித்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது மேடையில் உட்கார்ந்திருந்த ஐயா எழுந்தார். படியிறங்கி நடுவழியில் மெல்ல மெல்ல வந்தார், முகமெல்லாம் வியர்வை, கண்ணில் நீர் தளும்புகிறது. சரியாக அந்த இடத்தில் நின்று, இந்தக் கையால் தச்சரையும் அந்தக் கையால் மருத்துவரையும் இறுகப் பிடித்தார். இரண்டு பேரும் பதறி எழுந்து நின்றார்கள். பின்னால் யாரோ ஒரு அம்மா பாட ஆரம்பித்தார், பழைய பாட்டு, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், முடியும்வரை ஐயா அந்தக் கைகளை விடவில்லை. பாட்டு முடிந்தபோது மருத்துவர்தான் வாய் திறந்தார்.

"சம்பந்தி, கொஞ்சம் நகருங்க. ஐயா நிக்க முடியாம நிக்கிறார், உக்கார வைப்போம்."

தச்சர் நகர்ந்தார். ஐயாவை நடுவில் வைத்து இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "நாற்காலியில உக்கார்ந்தா உங்களுக்கு முதுகு வலி குறையும்னா, இருந்துட்டுப் போகுது" என்றார் தச்சர். வாசலில் நின்ற பெண் குழந்தையோடு உள்ளே வந்து, அப்பாவுக்கும் மாமனாருக்கும் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓட்டெடுப்பை நான் நடத்தவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், என் மனைவி கைக்குட்டையைத் தந்துவிட்டு அதையே திரும்ப வாங்கித் தானும் துடைத்துக்கொண்டாள். ஒரு சொல் பேசாமல், நேரம் பார்த்து, இடம் பார்த்து ஒரு சபையையே காத்த மனிதரை என் கண்ணால் பார்த்துவிட்டேன். இனி உங்கள் ஒலிப்பதிவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறாக நினைக்க வேண்டாம்.

ஆகவே மறக்காமல் வந்து அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுகிறேன். பிரசங்கம் சுருக்கமாக இருந்தால் நல்லது, எங்கள் சபை அமைதிக்குப் பழகிவிட்டது. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சமாதானமும் உங்கள் தொண்டையில் சுகமும் என்றும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சபைச் செயலர்

பி.கு.: அத்தான், நீங்கள் வர வேண்டாம். கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் ஐயாவே வந்து கதவைத் தட்டினார், குரல் திரும்பிவிட்டது, ஞானஸ்நானத்தை அவரே கொடுக்கிறார். அன்று அந்த நேரத்தில் அப்படி எழுந்து வர எப்படித் தோன்றியது என்று கை கூப்பிக் கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். "அண்ணே, கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துடுச்சு. வெளிய போய் நீவி விடலாம்னு இறங்கினேன், பாதியில உயிரே போயிடுச்சு. அவங்க ரெண்டு பேரையும் பிடிக்கலைன்னா கீழ விழுந்திருப்பேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். மேலே நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடலாம் என்றுதான் கை போயிற்று. போகும்போது சும்மா கேட்டு வைத்தேன், "அந்த இழுப்பு எப்போ விட்டுச்சு ஐயா?" என்று. செருப்பை மாட்டிக்கொண்டே, "முதல் சரணத்துலயே விட்டுடுச்சு" என்றார். அந்தப் பாட்டுக்கு ஏழு சரணம், அத்தான்.