எட்டாயிரம் அடியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும்

சனிக்கிழமை சாயந்தரம் என் வாச்சு என்னோடு பேசுவதை நிறுத்தியது. என் மனைவி சீதாலெட்சுமி நிறுத்தியிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கர். நாற்காலிதான் என் தொழில். சீனி வருத்தம் வந்ததும் டொக்டர் தினம் எட்டாயிரம் அடி நடக்கச் சொன்னார். சீதா சட்டம் போட்டாள். ஆறு நாளும் எட்டாயிரம் நடந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி. ஒரு நாள் குறைந்தாலும் குரக்கன் ரொட்டி, அதாவது வெறும் கேழ்வரகு. கட்டாரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் தம்பி கோகுலராஜ், நாமே புரோகிராம் எழுதிக்கொள்ளக்கூடிய ஸ்மார்ட் வாச்சு ஒன்றை அனுப்பிவைத்தான். அது அடிகளை எண்ணி என் போனுக்கு அனுப்பும். சாயந்தரம் போனைச் சீதாவிடம் காட்ட வேண்டும்.

மூன்று நாள் கால் நடந்தது. நாலாம் நாள் மூளை நடந்தது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வாச்சைக் கழற்றிக் கொழுந்தெடுக்கும் வீரம்மாவின் கையில் கட்டிவிட்டேன். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது திரும்ப வாங்கிக்கொண்டேன். மலையேறும் காலோடு, கொழுந்து கிள்ளும் கையையும் அடியென்று எண்ணிவிட்டது அந்த மக்கு வாச்சு. முப்பத்தோராயிரம்!

“என்னங்க, நுவரெலியாவுக்கு நடந்தே போயிட்டு வந்தீங்களா?”

“ஏதோ, கால் போன போக்குல போனேன்.”

தினமும் இதே வித்தை. மூன்று வாரம் ஆட்டிறைச்சி சாப்பிட்டேன். வெட்கமே இல்லை. ருசியாக இருந்தது.

இந்தச் சனிக்கிழமை புளூடூத் இணையவில்லை. போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். வாச்சின் பெயரை அழித்துப் புதிதாகத் தேடினேன். பெயர் வந்தது. தொட்டால் உதறித் தள்ளியது. வாச்சின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினேன். செத்துப் பிழைத்தது. அப்போதும் உதறியது.

“நேரமாச்சுங்க. போனக் காட்டுங்க.”

“இருடி, மலையெல்லாம் மூட்டம். புளூடூத் எடுக்குதில்ல.”

“வாச்சு கையில, போன் மடியில. நடுவுல எங்கங்க மூட்டம்?”

அறைக்குள் ஓடிக் கோகுலராஜைக் கூப்பிட்டேன்.

“வாச்சுல பழுதில்ல மச்சான். ஒரே ஒரு போனோட மட்டும் சேர்ற மாதிரி புரோகிராம் போட்டிருக்கு.”

“எவன்டா போட்டது?”

“நான்தான். நேத்து நீங்க குளிக்கப் போனப்ப, அக்காவுக்கு வீடியோ கோல்ல சொல்லிக் குடுத்தேன்.”

வெளியே வந்தேன். சீதா தன் போனை நீட்டினாள். இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

“வாச்சு வாரெல்லாம் கொழுந்துக் கறை. ஒங்க கையில மைக்கறைகூட ஒட்டினதில்ல. வீரம்மாக்காகிட்ட கேட்டேன், சொல்லிட்டாங்க.”

“அப்ப நாளைக்கி இறைச்சி...” நிஜமாகவே அழுகை வந்தது.

“எட்டாயிரம் தாண்டினா ஆட்டிறைச்சின்னேன். சொன்னது சொன்னதுதான்.”

போன உயிர் திரும்பி வந்தது. தெய்வமே, எப்படிப்பட்ட மனைவி!

மறுநாள் காலையிலிருந்தே மிளகு தூக்கலாகப் போட்ட இறைச்சி வாசம். பதினொரு மணிக்குச் சீதா தூக்குச்சட்டி நிறையக் குழம்பை ஊற்றி, மூடி, என் கையில் கொடுத்தாள். வாச்சையும் அவளே கட்டிவிட்டாள்.

“வீரம்மாக்கா மலைக்கு மேல, மேக்கணக்கு லயத்து வீட்டுல இருக்காங்க. நடந்தவங்க சாப்பிடட்டும். சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க.”

மலையேறி இறங்கி வீடு வந்தபோது எட்டாயிரத்துப் பன்னிரண்டு அடி. முழுக்க என் சொந்தக் காலால் நடந்தது. மேசையில் குரக்கன் ரொட்டி ஆறிப்போயிருந்தது.