சரஸ்வதி பூஜைத் தண்ணீரில் நாலு மாத்திரை

டில்லி,
24-10-86, வெள்ளி

மதிப்பிற்குரிய காத்தவராயன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் பவுனு கும்பிட்டு எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்களும் அத்தையும் சுகம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இன்லண்டு லெட்டரில் இடம் குறைவு, விஷயம் அதிகம். நீங்கள் உடனே ரயில் ஏறி டில்லிக்கு வந்து, எனக்குப் பதிலாக ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போக வேண்டும்.

அந்த வாக்கியம்: "தப்பு அப்பாவு மேல இல்ல, பவுனு மேல." இதை நானே சொல்லலாமே என்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்து வைதேஹி மேடத்திடம் இந்த ஒன்பது மாதத்தில் நான் பேசியது "சரி மேடம்", "ஆச்சு மேடம்" ஆகிய இரண்டுதான். மூன்றாவதாக ஒன்றைப் பேச வாய் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. நீங்கள் ரேஷன் கடைக்காரரையே பேசி மடக்கியவர்.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தது அட்டெண்டர் அப்பாவு அண்ணன்தான். மேடம் வயிற்றுக் கிருமிகளை வளர்க்கிறார். அவற்றுக்கு ஒரு சாறு உண்டு, அப்பாவு அண்ணன் அதைக் கஞ்சி என்பார். கஞ்சியில் கிருமியை விட்டு, டைபாய்டுக்குக் கொடுக்கும் மருந்தையும் விட்டால், கிருமி செத்துப்போய்க் கஞ்சி தெளிவாக நிற்கும். கலங்கினால் கிருமி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது மாதமாகத் தெளிவாகவே நின்றது.

ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமம் வைத்தோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ரோஜா வைக்கச் சொம்பு இல்லை என்று, காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலிலேயே செருகினேன். பூஜையில் வைத்ததை ஞாயிறு தாண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரை பூ வாடக் கூடாது. அப்பாவு அண்ணன் தன் தலைவலி மாத்திரையில் நாலு கொடுத்து, "இத்தப் போடு புள்ள, மூணு நாளு அப்பிடியே நிக்கும். கோல் மார்க்கெட்ல ஒரு தோட்டக்கார மாலி சொன்னான்" என்றார். போட்டேன். பூ நின்றது. திங்கட்கிழமை பூவை எடுத்தேன், தண்ணீர்தான் மீந்தது. சாமிக்கு முன்னால் இருந்த தண்ணீரை, எச்சில் பாத்திரம் கழுவுவதுபோல் கிருமிப் பாத்திரம் கழுவும் தொட்டியிலா ஊற்றுவது? மனம் வரவில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடி போட்டு, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் மேடம் அந்தப் பாட்டிலை எடுத்துத்தான் கஞ்சி காய்ச்சினார்.

மறுநாள் கஞ்சி கலங்கியிருந்தது. மருந்தை இரட்டிப்பாக்கினார், அப்போதும் கலங்கியது. மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. மருந்துக்கு அடங்காத புதுக் கிருமி கிடைத்துவிட்டதாம், எங்கள் எல்லோருக்கும் பர்ஃபி வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. கிருமிக்குச் சரஸ்வதியின் அருள் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பயம். ஆனால் இந்த வாரம் அதே கிருமியை எடுத்துப் புதுக் கஞ்சியில் விட்டார்கள், ஒழுங்காகச் செத்துப்போனது. பழைய கஞ்சி தீர்ந்ததோடு அதன் வீரமும் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. மேடத்துக்கு அப்பாவு அண்ணன் மேல் வந்தது.

"மருந்தை எடை போட்டது யாரு? நீங்களா, இல்ல எறும்பா?" என்று கேட்டார்.

"சத்தியமா சரியாத்தான் போட்டேன் மேடம்."

"அப்போ செத்துப்போன கிருமி எழுந்து உக்காந்துண்டு என்னைப் பாத்துச் சிரிச்சுதே, அது எப்படி? அத்தனை பேருக்கும் பர்ஃபி வேற குடுத்துட்டேன்!"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க மேடம். பண்ணலை, பண்ணலை."

திங்கட்கிழமை பெரிய அதிகாரி விசாரிக்கிறார். பதினெட்டு வருஷ வேலை, அண்ணனுக்கு இரண்டு பெண்கள். "சோடியே, போகட்டும்" என்று இந்தியும் தமிழுமாக எங்களிடம் சொல்லிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். எனக்குப் பாத்திரம் கை நழுவுகிறது. இன்று இரண்டு உடைந்தன, அதையும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உங்களிடம் வர ஐந்து நாள், நீங்கள் ரயிலில் வர இரண்டு நாள். விசாரணைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. கணக்கு இடிக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் வாருங்கள். வேலை போனால் நான் உங்களோடேயே ஊருக்கு வந்துவிடுகிறேன். அத்தை சொன்ன மாப்பிள்ளை அதிகம் பேசாதவர் என்றால் எனக்குச் சம்மதம். அத்தைக்கு என் கும்பிடு, சின்னவனுக்கு முத்தம். மாரியம்மன் உங்களை நல்லபடி ரயிலேற்றட்டும்.

இப்படிக்கு,
பவுனு

பின்குறிப்பு (29-10-86, புதன்): மாமா, நீங்கள் வர வேண்டாம்.

விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி, கடிதத்தை வெள்ளிக்கிழமையே மேடத்திடம் நீட்டினேன். ஒட்டாமல்தான் நீட்டினேன். மேடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நின்றபடியே முழுவதும் படித்தார். "எத்தனை மாத்திரைடி?" என்றார். நாலு விரலைக் காட்டினேன். விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை என்னையே மூன்று பாட்டில் வைக்கச் சொன்னார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ரோஜா, ஒன்றில் நாலு மாத்திரை. நேற்று மூன்று தண்ணீரிலும் தனித்தனியே கஞ்சி காய்ச்சி, கிருமியையும் மருந்தையும் விட்டார். இன்று பார்த்தால் முதல் இரண்டு கஞ்சியும் தெளிவு, மாத்திரைக் கஞ்சி மட்டும் கலங்கல். மாத்திரை இருக்கும் வரைதான் கிருமிக்கு அந்தப் பலமாம். காய்ச்சலில் டைபாய்டு மருந்தையும் இந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று மேடம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். அப்புறம், "இது பாட்டில்ல நடந்தது. மனுஷா உடம்புல என்ன ஆகும்னு தெரியாது. ஊருக்கெல்லாம் எழுதிப் பயமுறுத்தாதே" என்றார்.

விசாரணை இல்லை. அப்பாவு அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. அதற்குள் பெரிய அதிகாரியே வந்து, "இதை முதலில் செய்தது யார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு வாரமாகப் பண்ணலை, பண்ணலை என்று அழுதவர் முன்னால் வந்து, "நான்தான் சார், எல்லாம் நம்ம ஐடியா" என்று மார்பில் கை வைத்தார்.

"இல்ல. நான்தான் பண்ணேன்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை, மாமா.